கேபிளில் பிழையில்லை

அன்புள்ள மகனுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும், எழுதுவது உன் தங்கை சுஜி. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் எழுத்தை மருந்துக்கடைக்காரன்கூட வாசிக்கமாட்டான் என்று நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளிலேயே சொல்லியிருக்கிறாய். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் சொல்வேன், நீ பதில் சொல்வாய், அந்தப் பதில் எனக்கு வந்து சேராது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே ஒன்றும் கேட்க முடியாது.

நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. தபாற்கந்தோருக்குப் போய் எடுத்து வந்தது சுஜிதான். அங்கே பெயரைக் கூப்பிட்டபோது வாய் திறக்க வெட்கப்பட்டு, கையைத் தூக்கிக் காட்டி வாங்கியிருக்கிறாள். திறந்து பார்த்தால், நூலால் பின்னிய உறையும் இரண்டு நுனியிலும் தங்கப்பூச்சுமாக ஒரு கேபிள். இத்தனை வருடம் இந்தச் சவுண்ட் தொழிலில் இருந்தும் இவ்வளவு அழகான ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை. உன் கலியாணத்தன்று லேப்டொப்பை இதனால் டிவியில் மாட்டி, அங்கிருந்து என் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சத்தத்தை எடுத்தால், மெல்பேர்னில் நீங்கள் கதைப்பது கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும் என்று துண்டில் எழுதியிருந்தாய். கீழே, ‘இனி லைனைக் குறை சொல்லேலாது அப்பா’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

லைன் சரியில்லை என்று நான் உனக்குச் சொன்னது பொய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் முழுதாகத்தான் இந்த வீட்டுக்கு வந்தது. மேசையில் இருந்த போனிலிருந்து என் காதுவரை உள்ள ஒரு முழத் தூரத்தில்தான் அது தொலைந்தது.

உனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மைக்கிலிருந்து மிக்ஸருக்குப் போகும் பழைய வயரில் ஓடுவது ஆளின் குரலேதான். மின்சாரமாக மாறிய குரல். அதனால் வழியில் கிடப்பதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் கரண்ட் வயர் போனால் அதன் இரைச்சல் ஏறும். ப்ளக்கில் களிம்பு பிடித்தால் கரகரக்கும். தேவைக்கு அதிகமாக நீண்டுவிட்டால் சில வயர்கள் கீச்சென்ற மேல் சத்தங்களைத் தின்றுவிடும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அங்கே நல்ல வயர், நல்ல பற்றாசு, மேலே சுற்றிய வலையுறை எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. நீ அனுப்பியது அந்த இனம் இல்லை. அதில் ஓடுவது எண்கள். வந்தால் எல்லாம் வரும். வராவிட்டால் வெடிக்கும், உறையும், நின்றுபோகும். மங்கல் என்பது அதற்குத் தெரியாது. நடைபாதையில் குவித்து விற்கிற கேபிளும் உன் தங்கப்பூச்சுக் கேபிளும் அந்த எண்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், இரண்டிலும் கேட்பது ஒரே சத்தம். இது எனக்கு வெகு நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருந்த மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி ஆடுமே, அதுதான். யாரோ ஒருவருடைய கலியாணம். அம்மா இறந்த வருடம் என்பதால் உன்னையும் சுஜியையும் வேலைக்குப் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போவேன். சுஜி பெட்டிகளுக்குப் பின்னால் போர்வையில் தூங்குவாள். அன்று மைக்கைத் திறந்தாலே ‘ம்’ என்று ஒரு இரைச்சல். நான் மிக்ஸரில் அதைக் குறைக்கிறேன், இதைக் கூட்டுகிறேன், போகவில்லை. நீ கையில் வடையோடு வந்து நின்றாய்.

“அப்பா, மைக் வயரும் லைட் வயரும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்குதுகள்.”

“பேசாம இரு. நான் பாக்கிறன்.”

“பாருங்கோ, பாருங்கோ. பாத்து முடிய மாப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளையும் பிறந்திடும்.”

சொல்லிக்கொண்டே மைக் வயரைக் காலால் தள்ளி விலக்கினாய். இரைச்சல் செத்துப்போனது. லைட் வேலைக்கு வந்த சிங்களப் பையன் கையைத் தட்டி, “மாஸ்டர், தங் புத்தா தமய் லொக்கா,” என்றான், இனி மகன்தான் பெரியவர் என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அதற்குப் பின்னால் பெருமையும் வந்தது. பெருமையை உனக்குக் காட்டவில்லை. உன் காது அந்த வயதிலேயே நல்ல காது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே என் ஆயுசில் பாதியைக் கழித்தேன். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னவர்களை, சத்தத் தொழில் செய்கிறவன் காதை அடைப்பானா என்று கேலி செய்தேன்.

மேல் சத்தங்கள் எப்போது போகத் தொடங்கின என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் அவை போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. கைத்தாளத்தின் ஓசை கொஞ்சம் மங்கியது. கோயில் கோரஸில் பெண்பிள்ளைகளின் குரல் கொஞ்சம் பின்னால் போனது. பழைய வயர்தான் காரணம் என்று நினைத்து எல்லா ப்ளக்கையும் வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். பிறகு வயர்களையே மாற்றினேன். பிறகு டிஜிட்டல் மிக்ஸர் எடுத்தேன், அதற்கும் கேபிளை மாற்றினேன். புறக்கோட்டையில் நான் சாமான் எடுக்கிற கடைக்கார நானாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

“என்ன அண்ணன், இன்னைக்கும் கேபிளா? போன மாசம் கொண்டுபோன கேபிளுக்கு என்ன வருத்தம்?”

“மங்கலாக் கிடக்கு நானா. டாப் இல்ல.”

“டிஜிட்டல் கேபிள்ல எங்க அண்ணன் மங்கல்? பைப்புக்குத் தங்கம் பூசினா தண்ணி இனிக்குமா? தாரன், கொண்டுபோங்க. ஆனா திரும்பிக் கொண்டுவந்து என் தலையில கட்டாதீங்க.”

சுஜி பக்கத்தில் நின்றாள். வெளியாட்களுக்கு முன்னால் வழக்கமாகவே அவள் ஒன்றும் சொல்வதில்லை.

இனி நீ அறிய வேண்டியது. கோயில் திருநாளுக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். நாங்கள் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தோம், போன் ஸ்பீக்கரில் இருந்தது. கலியாணத்தைக் கொட்டாஞ்சேனையில் நம்முடைய கோயிலில் வைக்கலாமா என்று அதற்கு முதல் கிழமை கேட்டிருந்தேன், அதற்குப் பதில் சொல்லத்தான் எடுத்தாய். விசா, பேப்பர் என்று ஏதோ நீளமாகச் சொன்னாய். எனக்கு அது மழை ஓட்டில் விழுவதுபோலக் கேட்டது. கடைசியில் நிறுத்தி, தெளிவாக ஒரு சொல் சொன்னாய். நீ சொன்னது ‘வரேலாது’. நான் கேட்டது ‘வரலாம்’.

வேறு ஊர்த் தமிழனுக்கு இந்தப் பிழை வந்திருக்காது. அவன் ‘வர முடியாது’ என்று நீட்டிச் சொல்லியிருப்பான். நாங்கள்தான் வரவையும் வராமையையும் இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறோம். கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ‘து’ என் காதுக்கு எட்டாத சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. டிஜிட்டலில் ஒரு சின்னத் துண்டு தொலைந்தால், கருவி முன்னையும் பின்னையும் பார்த்து அந்த ஓட்டையைத் தானே நிரப்பும். நல்ல கருவி நிரப்பியதைக் கேட்கிறவன் கண்டுபிடிக்க மாட்டான். என் தலையும் அப்படித்தான் செய்தது. ஓட்டை இருந்த இடத்தில் எனக்கு வேண்டியதை வைத்துவிட்டது.

“சந்தோஷம் மகன், சந்தோஷம்,” என்றேன். வராதவனைப் பார்த்து அப்பா சந்தோஷம் என்கிறாரே என்று உனக்குக் குத்தியிருக்கும். சுஜி கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நான் அடுத்த நாளே கோயில் ஃபாதரிடம் போனேன். பங்கு மண்டபத்துக்குச் சொல்லிவைத்தேன். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், மகன் வாறான், இங்கதான் கலியாணம், சவுண்ட் நான்தான் என்றேன். சொந்த மகனின் கலியாணத்துக்கு அப்பனே வயர் இழுப்பானா என்று கேட்டவர்களிடம், வேறு யாரையும் அந்த மிக்ஸரைத் தொடவிடமாட்டேன் என்று சொன்னேன்.

கோயில் திருநாள் வந்தது. ஃபாதர் பிரசங்கம் வைக்கிறார். எனக்கு அவர் குரல் மங்கலாகக் கேட்கிறது. மேல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், போதவில்லை, இன்னும் ஏற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் இருந்த பெண்கள் காதைப் பொத்துகிறார்கள். ஒரு கைக்குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. ஃபாதர் மைக்கை விட்டுப் பின்னால் போகிறார். சனம் எல்லாம் திரும்பி என்னைப் பார்க்கிறது. என்ன நடக்கிறதென்று விளங்காமல் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். மகன், என் பெட்டிகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. கோயில் முழுக்க ஊசி குத்துவதுபோல் ஒரு கூச்சல். அந்த இடத்தில் அதைக் கேட்காதவன் நான் ஒருவன்தான். சுஜி ஓடிவந்து எனக்கு மேலால் கையை நீட்டி எல்லாவற்றையும் இழுத்து இறக்கினாள். ஆட்களுக்கு முன்னால் எழும்பி நிற்கவே பயப்படுகிறவள், அவ்வளவு சனத்துக்கும் நடுவில் ஓடிவந்தாள்.

எந்த வயர் யாருடையது என்று தெரிய வெள்ளை டேப்பில் எழுதி மிக்ஸரில் ஒட்டுவோம் அல்லவா, ஃபாதர், கோரஸ், ஓர்கன் என்று? சாமான்களைக் கட்டும்போது ஃபாதர் என்ற துண்டுக்குக் கீழே இன்னொரு துண்டு ஒட்டியிருந்தது. சுஜியின் எழுத்து. ‘அண்ணா சொன்னது வரேலாது.’ நான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடிந்த வயரைக் கழற்றித் திரும்பவும் சுற்றினாள்.

இவ்வளவு நாளும் சொல்லவில்லையே என்று அவளை நீ கோபிக்காதே. அவள் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாளாம், அவளுடைய அந்த மெல்லிய குரலில். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பேப்பர் வாசித்தேனாம்.

மண்டபத்தை வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊர்க்கதை உனக்கு எட்டி, உன்னிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ‘நான் வரேலாது எண்டு தெளிவாச் சொன்னனான். கேக்காத மாதிரி நடிச்சு என்னை வரவைக்கப் பாக்காதீங்கோ அப்பா’ என்று எழுதியிருந்தாய். உன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சத்தத்தால் சோறு சாப்பிட்டவன், செவிடாகிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? லைன் சரியில்லை மகன் என்று போட்டேன். நீ இரக்கப்பட்டுக் கேபிள் அனுப்பினாய்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் போய் வந்தோம். டொக்டர் ஒரு படம் கீறிக் காட்டினார். இடது பக்கத்திலிருந்து கோடு கொஞ்சத் தூரம் சமமாகப் போகிறது, பிறகு மதிலில் இருந்து விழுவதுபோல் விழுகிறது. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல சுஜி தமிழில் எழுதிக் காட்டினாள். காதுக்குள் சின்ன மயிர்கள் இருக்கின்றனவாம், விழுந்தது முளைக்காதாம். மிச்சமும் விழுந்துகொண்டிருக்கிறதாம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள், அவர் பதில் சொன்னார், அவள் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் தந்திருக்கிறார்கள். அது பீங்கான் சத்தத்தையும் பஸ் ஹோர்னையும் கொண்டுவந்து தலைக்குள் கொட்டுகிறது. பேச்சைச் சத்தமாக்குகிறது, சொல்லாக்கவில்லை. சனங்கள் எனக்குப் புரியாத ஒரு மொழியில் உரத்துக் கதைப்பதுபோல் இருக்கிறது.

நீ கலியாணம் கட்டப்போகிறாய். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ கட்டப்போகிற பிள்ளை எப்போதாவது உன்னிடம், என்ன சொன்னீங்கள் என்று திரும்பக் கேட்டால், ‘ஒண்டுமில்ல, விடு’ என்று சொல்லாதே. எனக்கு இப்போது நாள் முழுக்கக் கிடைப்பது அதுதான். கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில். எல்லோரும் சிரிப்பார்கள், நான் என்னவென்று கேட்பேன், ஒண்டுமில்ல என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் வாயைப் பார்த்தே பிடிக்கப் பழகிவிட்டேன். நீயும் வீடியோ போனில் அடிக்கடி சொல்கிறாய். சொன்னதைத் திரும்பச் சொல்லு. கத்தவேண்டாம், முகத்தைப் பார்த்துச் சொல்லு. அது சின்ன விஷயமாக இருந்தாலும் சொல்லு.

சுஜியைப் பற்றி நினைத்தால்தான் எனக்கு இருட்டாகிறது. இந்த இடத்தில் அவள் பேனையை நிறுத்திவிட்டாள். எழுது என்கிறேன். எழுது, மகள். வகுப்பில் எழும்பிப் பதில் சொல்ல முடியாமல்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். பதில் தெரியாமல் இல்லை. மிக்ஸருக்குப் பின்னால் யாரும் அவளோடு கதைக்கமாட்டார்கள் என்பதால் என்னோடு வேலைக்கு வரச் சம்மதித்தாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவள் தன் குரலைத் திறந்தது இந்த வீட்டில், என் ஒருவனிடம்தான். வேலை முடிந்து வரும் வழியில், ஆட்டோவில், பார்த்ததை எல்லாம் சொல்வாள். மணமகளின் மாமி எப்படி நடந்தாள் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குரல் மெல்லியது, மேலே நிற்கிற குரல். என் காதிலிருந்து முதலில் போனது அதுதான். இப்போதும் ஆட்டோவில் அவள் வாய் அசைகிறது. நான் தலையாட்டுகிறேன். கொஞ்ச நாளாக அதுவும் குறைந்துவிட்டது. அவள் கதைத்த ஒரே ஆளின் காதும் போய்விட்டால், மகன், அவள் யாரோடு கதைப்பாள்? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எனக்குப் போன் எடுக்கவேண்டாம். அவளுக்கு எடு. முதலில் அவள் பேசமாட்டாள். வைத்துவிடாதே.

கலியாண நாளில் உன் கேபிளை மாட்டுவேன். பெட்டிகளை வீட்டுக்குள் வைத்து முழுச் சத்தத்தில் திறப்பேன், அயலட்டைச் சனம் ஏசினாலும் பரவாயில்லை. பூசை இங்கிலீஷில் என்று தெரியும், அது எனக்கு ஒன்றும் பிடிபடாது. அங்கே ‘யெஸ்’ என்பாயோ ‘ஐ டூ’ என்பாயோ, எனக்கு எல்லாம் ஒரே முணுமுணுப்பு. எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு தரம், கமெராவைப் பார்த்து, தமிழில் ‘ஓம்’ என்று சொல். அது அடியில் கிடக்கிற சத்தம். பெட்டியில் கையை வைத்தாலே அதிரும். வாயும் வட்டமாகி மூடும், கண்ணால் பிடிக்கலாம். என்னிடம் மிச்சம் இருக்கிற சொற்களில் எனக்கு முழுசாக வரக்கூடியது அது ஒன்றுதான். அதற்குள் அதுவும் போய்விடாமல் இருந்தால், உன் கலியாணத்தைக் கேட்டேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். போயிருந்தால், அங்கே இருந்து வருத்தப்பட்டு இன்னொன்று வாங்கி அனுப்பாதே. கேபிளில் பிழையில்லை.

உன் அப்பா

அண்ணா, இது நான். எழுதி முடிந்ததும் அப்பா வாசித்துக் காட்டச் சொன்னார். முன்னால் இருந்து உரத்து வாசித்தேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதியிலிருந்து சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்தேன். அப்போதும் தலையாட்டினார். பிறகு பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டு ஓம், ஓம் என்று பெரிதாகச் சொன்னேன். வாசித்து முடிந்துவிட்டது என்று நினைத்து, சரி, மடித்து வை என்றார்.

கலியாணத்தன்று நீ ஓம் சொல்லும்போது கையையும் தூக்கிக் காட்டு அண்ணா. பெயரைக் கூப்பிட்டால் நான் அப்படித்தான் செய்வேன்.